கண் தெரிகிறது, பொருள் தெரியவில்லை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "என் மாமனாருக்கு 67 வயது. 40 வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மூன்று மாதம் முன்பு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் சரியாகிவிட்டது. ஆனால் எதிரில் இருக்கும் சீப்பைப் பார்த்து 'இது என்னம்மா?' என்கிறார். கையில் கொடுத்தால் உடனே சொல்லிவிடுகிறார். நான் பேசினால்தான் நான் யாரென்றே தெரிகிறது. கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்கிறார். அத்தையோ, 'வேணும்னே செய்யுதாக' என்று சண்டை போடுகிறார்கள். இது மறதி நோயா?"

முதலில் அத்தையிடம் சொல்லிவிடுங்கள், மாமா நடிக்கவில்லை.

உங்கள் கடையையே நினைத்துப் பாருங்கள். வெங்காய மூட்டைக்கு முன்னால் தராசு தொங்குகிறது. கண்ணுக்குக் கிடைப்பது வெளிச்சம், நிழல், நிறம், அவ்வளவுதான். இந்த விளிம்பு தராசுடையது, தராசு மறைத்த இடத்திலும் மூட்டை தொடர்கிறது என்று பிரித்துச் சேர்ப்பது பின்மண்டையில் இருக்கும் மூளைப்பகுதி. அருகருகே இருப்பதையும் ஒரே மாதிரி இருப்பதையும் அது ஒன்றாகக் கட்டிவிடும். மல்லியைத் தனித்தனி விதையாகப் பார்க்காமல் குவியலாகப் பார்க்கிறோமே, அதுதான். உளவியலாளர் வெர்ட்ஹைமர் 1923இல் இந்த விதிகளை விரிவாக எழுதினார்.

அப்புறம் செய்தி இரண்டு வழியாகப் பிரிகிறது. மேல்வழி, பொருள் எங்கே இருக்கிறது, கையை எப்படி நீட்டுவது என்று பார்த்துக்கொள்ளும். நெற்றிப்பொட்டுப் பக்கம் போகும் கீழ்வழிதான் 'இது சீப்பு', 'இது மருமகள்' என்று அடையாளம் காணும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாமாவுக்கு அடிபட்டது கீழ்வழி என்றே தோன்றுகிறது. சீப்பு என்றால் என்ன என்ற அறிவு பத்திரமாக இருக்கிறது. தொட்டதும் சொல்கிறாரே! அதனால் சாதாரண மறதி நோய் போல இது இல்லை. டாக்டர்கள் விஷுவல் அக்னோசியா என்பார்கள்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம், ஒரே ஒரு தடவை. சாவிப் படம் ஒன்றைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். வரையவே வரவில்லை என்றால் வடிவத்தைச் சேர்ப்பதில் சிக்கல். ஒழுங்காக வரைந்துவிட்டு என்னவென்று தெரியவில்லை என்றால், வடிவம் அறிவோடு போய்ச் சேரவில்லை. 1890இல் ஜெர்மன் மருத்துவர் லிஸ்ஸாவர் செய்த பிரிவினை இது. தொடாமலே பூட்டைத் திறப்பதுபோல் கையைத் திருகிக் காட்டினால் பொருள் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை. அது பேச்சுக் கோளாறு. பார்த்ததைக் குறித்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் சொல்லுங்கள். பார்வைப் புலச் சோதனையும் கேளுங்கள். இந்த வகை ஸ்ட்ரோக்கில் பார்வையின் ஒரு பகுதி மறைந்திருக்கலாம், கண் டாக்டர் படிக்கச் சொல்லும் எழுத்துப் பலகையில் அது தெரியாமல் போகலாம்.

தினமும் 'இது என்ன, சொல்லுங்க' என்று பரீட்சை வைக்காதீர்கள். மனசு ஒடிந்துபோகும். அறைக்குள் வரும்போதே "மாமா, நான் வந்திருக்கேன்" என்று குரல் கொடுங்கள். மேசையில் பொருள்களை நெருக்கி வைக்காதீர்கள். வெள்ளைத் தட்டில் இடியாப்பமும் சொதியும் வைத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும், வாழையிலையில் வையுங்கள். கடைக்காரர் மூக்கு அல்லவா, டப்பாக்களை மோந்து பார்க்க விடுங்கள், சீரகமா சோம்பா என்று உங்களுக்கு முன் சொல்லிவிடுவார். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம் தெரியும்; ஆஸ்பத்திரியில் சொல்லும் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

பினாயிலை சர்பத் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். வண்டிச் சாவியை, டாக்டர் சொல்லும்வரை, அத்தையிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிடுங்கள்.