பெரியவர்களுக்கான பொம்மைக்கு முடி பதித்த தலையா, விக்கா?

முதல் தடவை வாங்குகிறேன், எதை எடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பொம்மை என்றால் விக்கே போதும் என்பேன்.

பதித்த முடியின் அழகு நெற்றியோரத்தில்தான். சிலிக்கான் தலையில் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி ஏற்றுகிறார்கள். விலை கூடுவது அதனால்தான். ஆனால் பிடிக்காவிட்டால் மாற்ற முடியாது. அலசும்போது தலையைப் பின்பக்கம் சாய்த்து, முக ஒப்பனையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்கில் செயற்கை இழை மலிவு, ஆனால் சூடு ஆகாது. சாதாரண இழையில் ஹேர் டிரையரின் அனல் பட்டாலே சுருண்டு சொரசொரப்பாகிவிடும். மனித முடி ஓரளவு சூடு தாங்கும். எதுவானாலும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுங்கள். குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து ஊறவைத்து, கசக்காமல் அலசி, துண்டில் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: அடர்நிற விக்கின் சாயம் டிபிஇ (TPE, ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக்) தோலில் இறங்கலாம், அதைப் போக்குவது பெரும்பாடு. புது விக்கை ஒருமுறை அலசிவிட்டு, வெளிர்நிறத் தொப்பி போட்டு அதன்மேல் மாட்டுங்கள். எடுத்து வைக்கும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள்.