பண்டிகை விருந்துச் சமையலை உறவினர்கள் எல்லாரும் பகிர்ந்துகொள்வது எப்படி? மனக்கசப்பு வராமல் முடியுமா?

ஆளுக்கு இரண்டு பதார்த்தம் என்று பிரித்துக் கொடுத்தால் சரியாக வருமா, 20 பேருக்கு மேல் வந்தால் அரிசி எவ்வளவு போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் அந்த வீட்டின் மூத்த மருமகள். உங்கள் வீட்டில்தான் எல்லாரும் கூடுகிறார்கள். விருந்துக்கு வந்துபோகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதார்த்தத்தைப் பிரிக்காதீர்கள், வேலையைப் பிரியுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள 27 வருஷம் ஆனது. அதற்குள் ஒரு நல்லவளை அழவைத்தும் விட்டேன்.

நான் யாங்கூனில் இருக்கிறேன். எங்கள் பெரியவர்களுக்கு இன்னும் அது ரங்கூன்தான். அனவ்ரத்தா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே ஒரு மணி. கீழே இருக்கிறவர் பையை மாட்டிக் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், நாம் மேலே தூக்கிக்கொள்ள வேண்டியது. இந்த ஊர் மாடிவீடுகளில் பாதிப் பொருள் இப்படித்தான் மேலே வரும். ஆனால் கரி மூட்டையும் 24 பேருக்கான பண்ட பாத்திரமும் கயிற்றில் வராது.

எங்கள் குடும்பம் கூடுவது சித்திரை ஒன்றாம் தேதி. இங்கே ஏப்ரல் 13-இல் திஞ்ஜான் தண்ணித் திருவிழா தொடங்கிவிடும். நாடே விடுமுறையில் இருக்கும் என்பதால் தன்லின், தெற்கு ஒக்கலாப்பா என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறவர்கள் ஒன்றுகூட அதுதான் தோது. ஆனால் கடை கண்ணியும் மூடிவிடும். 12-ஆம் தேதிக்குள் எல்லாவற்றையும் வாங்கி வைக்காவிட்டால் கறிவேப்பிலைகூடக் கிடைக்காது. எங்கள் மாமியார் தெயின்ஜி சந்தையைச் சூரத்தி பஜார் என்றுதான் சொல்வார். அங்கே போய் ஒரு வீசை உளுந்து, அரை வீசை துவரம்பருப்பு, தேங்காய், பகான் பக்கத்துப் பனைவெல்லம் என்று வாங்கிச் சேர்த்து ஐந்து மாடி ஏறுவது தனி வேலை. அதை யாரும் சமையல் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீசை என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு மளிகைக் கடையில் பழக்கதோஷத்தில் "கால் வீசை" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரப் பையன் சிரித்தான், போகட்டும், சின்னப் பையன். கூட வந்த எங்கள் சொந்தக்காரப் பெண் எல்லார் முன்னாலும், "இவங்க பர்மாக்காரங்க, தமிழ் அவ்வளவா வராது" என்றாள். வீசை தமிழ்ச் சொல். நீங்கள் கிலோவுக்கு மாறியதும் மறந்துவிட்டீர்கள், நாங்கள் இன்னும் அதில்தான் நிறுத்து வாங்குகிறோம். இங்கே ஒரு வீசை ஒரு கிலோ 600 கிராமுக்குக் கொஞ்சம் கூட. 1960-களில் தனியார் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்குத் தமிழ் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் இல்லை. நான் கோயில் பின்கட்டில் சாயங்காலம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு காசு வாங்கியதில்லை. தமிழ் வராது என்று என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

27 வருஷம் அந்த விருந்தை நான் ஒருத்தியேதான் சமைத்தேன். இவள் மாமியாரைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் அவரும் ஒருத்தியாகத்தான் செய்தார். அது ஒரு பாரம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அதனால் எனக்கும் அவர் சொல்லவில்லை. பணம் இருந்தால் வெளியே சொல்லிச் சமைக்கலாமே என்றும் கேட்பீர்கள். திஞ்ஜானில் சமைத்துத்தர ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் எங்கள் வீட்டில் வருஷப் பிறப்புச் சோறு வீட்டு அடுப்பில்தான் வேக வேண்டும், அதில் எனக்கும் சம்மதமே.

2024-இல் எனக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது. குரோதி வருஷப் பிறப்பு, ஞாயிற்றுக்கிழமை. மார்ச் மாதமே வைபர் குழுவில், இந்தத் தடவை பகிர்ந்துகொள்ளலாம் என்று எழுதினேன். எல்லாரும் உடனே சரி என்றார்கள், அதுவும் சந்தோஷமாக. யாரும் தட்டிக்கழிக்கவில்லை. நாத்தனார் வடையும் கேசரியும் எடுத்துக்கொண்டார். இரண்டாவது ஓரகத்தி அவியலும் உருளைக்கிழங்குப் பொரியலும். தன்லினில் இருக்கும் சின்ன ஓரகத்தி பாயசமும் மாங்காய்ப் பச்சடியும். என் வீட்டுக்காரர், "மிச்சம் நாங்க பாத்துக்கறோம்" என்று எழுதினார். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள்.

அந்த மிச்சத்தில் என்ன இருந்தது தெரியுமா? சோறு, சாம்பார், ரசம், அப்பளம், தயிர், வாழையிலை, கரி, தண்ணீர், உட்காரப் பாய், கூடுதல் டம்ளர், வந்தவர்கள் கொண்டுவந்ததைச் சூடுபண்ண அடுப்பு, அவர்கள் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவிக் கொடுக்கும் வேலை. பெயர் வாங்கித் தருவதெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. "சோறு நல்லா இருக்கு" என்று எந்த விருந்தாளியும் சொல்ல மாட்டார். வேண்டுமென்று யாரும் இப்படிச் செய்யவில்லை. பதார்த்தமாகப் பிரித்தால் தானாகவே இப்படித்தான் பிரியும்.

இங்கே கரண்ட் நிலைமை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாங்கூனில் நிறைய வீடுகளில் கரண்ட் அடுப்புதான் இருந்தது. 2021-க்குப் பிறகு மின்வெட்டு கூடிக்கொண்டே போய் எல்லாரும் கரி அடுப்புக்குத் திரும்பினோம். இத்தனை மணி நேரம் வரும், இத்தனை மணி நேரம் போகும் என்று அட்டவணை சொல்வார்கள், அது அப்படியே நடக்காது. வெயில் காலத்தில் அணைகளில் நீர் வற்றுவதால் இன்னும் மோசம். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் ஐந்தாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. அந்த ஏப்ரல் வெயிலும் அப்படி. மாதக் கடைசியில் மக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது.

அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு வர வேண்டிய கரண்ட் வரவில்லை. ஒன்பது மணிக்கு நாத்தனார் வந்தார், கையில் ஊறவைத்த உளுந்து. "அண்ணி, எங்க வீட்ல மிக்சி ஓடல. இங்க கரண்ட் இருக்கும்னு நெனச்சேன்." இரண்டாவது ஓரகத்தி வீட்டில் கரண்ட் அடுப்பு மட்டும்தான், அவள் காய்களை நறுக்கிப் பையில் போட்டு எடுத்துவந்துவிட்டாள். என்னிடம் இருந்தது இரண்டு கரி அடுப்பு. ஒன்றில் சோறு, ஒன்றில் சாம்பார். தண்ணீர்த் தொட்டியில் பாதிதான் இருந்தது. குழந்தைகள் பத்துப் பேர் தெருவில் தண்ணீர் விளையாடிவிட்டு ஈரக்காலோடு அடுப்படி வழியாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்குச் சின்ன ஓரகத்தி வந்தாள். தன்லினிலிருந்து பாலம் தாண்டி, லைன் காரில், அதாவது ஆள் ஏற்றும் பின்பக்கம் திறந்த வண்டியில் வந்திருக்கிறாள். வழியில் எங்கோ குழாய் வைத்து வண்டிக்குள் தண்ணீரை அடித்திருக்கிறார்கள். தலை முதல் கால் வரை நனைந்து, மடியில் பாயசத் தூக்கோடு நின்றாள். திறந்து பார்த்தேன். பாயசத்தின் மேல் ஒரு விரற்கடைக்குத் தண்ணீர் நின்றது.

நான் கேட்டேன், எல்லார் முன்னாலும்: "பாயசம்னு பேரு மட்டும் வாங்கிக்கிட்டா போதுமா? மூடி இல்லாத தூக்குதான் கெடச்சுதா உனக்கு?"

"மூடி இருந்துச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுதாள். கையில் மூடி இருந்தது, தண்ணீர் அடித்த வேகத்தில் கழன்றுவிட்டிருக்கிறது. காலை மூன்று மணிக்கு எழுந்து கரி அடுப்பில் பனைவெல்லம் காய்ச்சி, தேங்காய்ப்பால் பிழிந்து செய்திருக்கிறாள் என்று அவள் மகள் பிற்பாடு என் மகளிடம் சொல்லி எனக்குத் தெரிந்தது.

அந்தக் கோபம் அவள்மேல் வந்ததில்லை. 27 வருஷத்துக் கோபம், கையில் அகப்பட்டவள் அவள். எத்தனை தடவை நினைத்தாலும் மனசு ஆறவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியை நான் கடந்துபோக முடியாமல் இவ்வளவு நீளமாக எழுதுவது இதனால்தான்.

அப்போது பால்கனி மணி அடித்தது. கீழ்வீட்டு பர்மிய அம்மாள், நாங்கள் அமா என்று கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம். சந்தில் பெரிய அடுப்பு மூட்டி மோன்லோன்யேபோ செய்துகொண்டிருந்தார்கள். பச்சரிசி மாதிரி இல்லை, ஒட்டும் அரிசி மாவு. சிறு உருண்டை பிடித்து நடுவில் பனைவெல்லத் துண்டு வைத்துக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். வெந்ததும் மிதந்து மேலே வரும், தேங்காய்த் துருவலோடு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கொடுப்பார்கள். மேலே சத்தம் கேட்டிருக்கிறது போலும். எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

81 வயது மாமியார் ஒன்றும் பேசாமல் அம்மியைக் கழுவச் சொல்லி உளுந்தை எடுத்து உட்கார்ந்தார். பேத்திகள் மாற்றி மாற்றி அரைத்தார்கள். வடையைச் சந்து அடுப்பில் நான்தான் சுட்டேன். சுடும்போது பக்கத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒருத்தர் மாவு பிசைகிறார், ஒருத்தர் வெல்லம் உடைக்கிறார், நாலு பேர் உருட்டுகிறார்கள். ஒருத்தர் எழுந்து போனால் வழியில் போகிறவர் அந்த இடத்தில் உட்கார்ந்து உருட்டுகிறார். ஒரு பெரியவர் காலையிலிருந்து கரி விசிறுவது மட்டும்தான் செய்தார். எந்த உருண்டை யார் செய்தது என்று சொல்ல முடியாது. நன்றாக வந்தால் எல்லாருக்கும், கெட்டுப்போனால் எல்லாருக்கும். இதே தெருவில் இத்தனை வருஷம் இருந்து, அவர்கள் கொடுத்ததை வாங்கித் தின்றிருக்கிறேனே தவிர இதைக் கவனித்ததில்லை.

சாப்பாடு மூன்று மணிக்குத்தான் ஆனது. சின்ன ஓரகத்தி இலையில் உட்கார்ந்தாள், சாப்பிடவில்லை. ஆடி மாதம் நானே தன்லினுக்குப் போய் அவளிடம், நான் சொன்னது தப்பு என்றேன். டீ போட்டுக் கொடுத்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

2025 சித்திரைக்கு விருந்து கிடையாது. மார்ச் 28-ஆம் தேதி சகாயிங், மண்டலே பக்கம் அந்த நிலநடுக்கம் நடந்து இரண்டரை வாரம்தான் ஆகியிருந்தது, யாருக்கும் மனசில்லை. விருந்துப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் நான் நினைத்ததைச் செய்து பார்த்தது அந்த வருஷத் தீபாவளிக்கு.

யார் எந்தப் பதார்த்தம் என்ற பேச்சே எடுக்கவில்லை. சந்தைக்குப் போவது கொழுந்தனார்கள் இருவர், பொருளை மேலே ஏற்றும்வரை அவர்கள் பொறுப்பு. கரண்ட் வரும் நேரம் பார்த்து டிரம்மில் தண்ணீர் நிரப்புவது என் மகன். அடுப்பு மூட்டி அணையாமல் பார்ப்பது நாத்தனார் வீட்டுக்காரர். முதல் நாள் சாயங்காலமே பெண்கள் எல்லாரும் என் வீட்டுக்கு வந்து நறுக்குவது, ஊறவைப்பது, அரைப்பது. உப்புப் பார்ப்பது மாமியார், அதில் யாரும் தலையிடக் கூடாது. பாத்திரம் கழுவுவது ஆண்கள், கடைசிக் கரண்டி வரைக்கும். சொன்னதும் சந்தோஷமாகச் செய்துவிட்டார்கள் என்று நான் கதைவிட மாட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கழுவினார். செலவை எல்லா வீடும் சமமாக ஒரு டப்பாவில் போட்டோம், அந்த வருஷம் வேலை போயிருந்த ஒரு வீட்டிடம் மட்டும் கேட்கவில்லை.

தூரத்தில் இருப்பவர்கள் முதல் நாளே எப்படி வருவார்கள் என்று கேட்பீர்கள். வர முடியாதவர்களிடம் சமைத்து எடுத்துவரச் சொல்லாதீர்கள். வந்தபிறகு செய்யும் வேலையைக் கொடுங்கள். பரிமாறுவது, இலை எடுப்பது, குழந்தைகளைப் பார்ப்பது எல்லாம் வேலைதான்.

சின்ன ஓரகத்தி முதல் நாள் மதியமே வந்துவிட்டாள். நான் எதுவும் சொல்லுமுன் தேங்காய்த் துருவியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "எத்தனை காய்க்கா?" என்று கேட்டாள். எட்டு என்றேன். எட்டையும் துருவினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்துக் கொடுத்தேன்.

அரிசிக் கணக்கு கேட்டிருந்தீர்கள். இங்கே அரிசியை ப்யீயில் அளப்போம், ஒரு ப்யீ எட்டுக் கெட்டிப்பால் டின். குழந்தைகளோடு சேர்த்து 24 பேருக்கு நான் 12 டின் போடுவேன். உங்கள் கணக்கில் அது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பழைய அரிசியானால் 11 போதும். ஒரே பானையில் போடாதீர்கள், இரண்டாகப் பிரித்து வடியுங்கள். இரண்டாவது பானையை முதல் பந்தி உட்காரும்போது ஏற்றினால் போதும்.