ஆதிமூலம் கையெழுத்து இருந்தால் போதுமா?

கேள்வி: அப்பா காலமான பிறகு நங்கநல்லூர் வீட்டுப் பரணில், ஃப்ரேம் போட்ட காந்தி கோட்டோவியம் ஒன்று கிடைத்தது. கீழே ‘ஆதிமூலம்’ என்று கையெழுத்து, பக்கத்தில் 69. தெரிந்த தரகர் ஒருவர், 25,000 ரூபாய் கொடுத்தால் அசல் என்று சான்றிதழ் வாங்கித் தந்து, நல்ல விலைக்கு விற்றும் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நவீன ஓவியத்துக்கு ‘இது அசல்’ என்று முத்திரை குத்தும் சட்டப்படியான அமைப்பு நம் நாட்டில் இல்லை. நூறு வருடம் தாண்டிய சிலைக்கு 1972-இல் வந்த தொல்பொருள் சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது. ஐம்பது வருடத்துப் படத்தை வைத்திருப்பவர் மட்டும் ஆளாளுக்குப் போய்க் கெஞ்ச வேண்டும். இந்தச் சந்தில்தான் தரகர்கள் கடை விரித்திருக்கிறார்கள். தங்க எழுத்தும் ஹாலோகிராமும் எந்த அச்சகத்திலும் கிடைக்கும். விற்றுத் தருபவரே சான்றிதழும் தருகிறார் என்றால் அது வெறும் காகிதம்.

சரி, படத்துக்கு வருவோம். கே.எம். ஆதிமூலம் (1938-2008) சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த நூறு காந்தி கோட்டோவியங்கள்தான் பெயர் வாங்கிக் கொடுத்தன. பிற்பாடு வண்ணத்துக்குப் போய் அரூப ஓவியங்கள் தீட்டினார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது அந்தக் கறுப்பு மசிக் காந்திதான். போலி போடுகிறவனுக்கும் அது தெரியும். எனவே ‘காந்தி, 69’ என்பதைச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போலியைவிட அதிகம் பார்ப்பது வேறொன்று. அவர் சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் நிறைய வரைந்தவர். அச்சான பக்கத்தை வெட்டி ஃப்ரேம் போட்டுக்கொண்ட ரசிகர்கள் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: சீரான இடைவெளியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளி இல்லையென்றால் அசல் என்று குதித்துவிடாதீர்கள். புகைப்படத்தை அச்சடிக்கத்தான் புள்ளி வேண்டும். கோட்டோவியத்தை அந்தக் காலத்தில் லைன் பிளாக் (கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்கும் உலோக அச்சுத் தகடு) எடுத்து அச்சடித்தார்கள். அதில் புள்ளியே வராது. இதில் ஏமாந்தவர்கள் ஏராளம், அதனால்தான் இழுத்துச் சொல்கிறேன். அப்போது கோட்டைத்தான் பார்க்க வேண்டும். கையால் போட்ட கோட்டில் பெரும்பாலும் மை ஓரிடத்தில் தேங்கியிருக்கும், இன்னோரிடத்தில் வெளுத்திருக்கும். அச்சில் எல்லாம் ஒரே கறுப்பு.

இதையெல்லாம் கண்ணாடி வழியாகவே பாருங்கள். ஃப்ரேம் கடையில் கொடுத்துப் பிரிக்கவே வேண்டாம். பின்னால் ஒட்டிய கேலரிச் சீட்டையும் பழைய அட்டையையும் கிழித்துப் போட்டுவிட்டு, “புதுசா மாத்திட்டேன் சார்” என்பார்கள். படத்தின் பூர்வீகமே அதில்தான் இருக்கும். பிரித்தே ஆகவேண்டுமென்றால், காகித ஓவியங்களைப் பராமரிக்கத் தெரிந்தவர் பிரிக்கட்டும்.

அப்புறம் அப்பாவின் பெட்டியைத் துழாவுங்கள். ரசீது, கண்காட்சி அழைப்பிதழ், இந்தப் படம் சுவரில் தெரியும் பழைய குடும்பப் புகைப்படம் என்று எது கிடைத்தாலும் தரகரின் சான்றிதழைவிட மேல். அவற்றோடு ஆதிமூலத்தின் குடும்பத்தாரையும், அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த கேலரிகளையும் அணுகுங்கள். சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

அதுவரை படம் வீட்டை விட்டுப் போகக்கூடாது. “மும்பை பார்ட்டி பார்க்கணும்” என்று தரகர் நச்சரித்தால் போனில் ஒரு படம் அனுப்புங்கள், கையெழுத்து இருக்கும் மூலையை விட்டுவிட்டு.