சைக்கிளை விற்பதற்கு முன் சீட்டை உயர்த்திப் பாருங்கள்

வணக்கம். வாங்கிய பத்தே நாளில் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது, உடற்பயிற்சி சைக்கிளை விற்றுவிட்டு டிரெட்மில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முன்பக்க வலி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சீட்டின் உயரத்தைத்தான். சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் ஏறும்.

சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால், பெடல் கீழே இருக்கும்போது முட்டி சுமார் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். (முட்டியின் பின்பக்கம் வலித்தால் சீட் கூடுதலாக ஏறிவிட்டதோ என்று பாருங்கள்.)

ரெசிஸ்டன்ஸை (பெடலின் இறுக்கத்தை) நிறைய வைத்து மெதுவாக மிதிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முட்டிக்கு அது ஆகாது. குறைத்துவிட்டு நிமிடத்துக்கு 70, 80 சுற்று வரும்படி மிதியுங்கள். மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

டிரெட்மில்லில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடை காலில் இறங்கும். உங்கள் நிலையில் நான் அதை வாங்கமாட்டேன். முட்டியில் வீக்கம் இருந்தாலோ, இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.