ஏழு மில்லிமீட்டர் தைராய்டு கட்டிக்கு ஊசிப் பரிசோதனை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 38. அலுவலகத்தில் ஏற்பாடு செய்திருந்த முழு உடல் பரிசோதனையில் கழுத்து ஸ்கேனும் சேர்ந்திருந்தது. தைராய்டின் வலப்பக்கத்தில் 7 மி.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும், அது ‘டைராட்ஸ் 4’ என்றும் ரிப்போர்ட்டில் உள்ளது. எனக்குத் தொந்தரவு எதுவும் இல்லை, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். அளவும் சரியாக இருக்கிறது. ஒரு மருத்துவர் உடனே எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் கட்டியின் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனை) செய்யச் சொல்கிறார், இன்னொருவர் இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்கிறார். என் கணவரோ, “எதற்கு வம்பு, எடுத்துவிடலாம்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (ரிப்போர்ட்டின் நகலை இணைத்துள்ளேன்.)
- ஈரோடு வாசகி

பதில்: இரண்டாவது மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள் என்பதே என் கருத்து. முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். டைராட்ஸ் 4 என்பது புற்றுநோயின் நான்காம் கட்டம் அல்ல. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுதுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் கட்டி எப்படித் தெரிகிறது என்பதற்குப் போடும் மதிப்பெண்ணிலிருந்து வருவது அது. உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். கட்டி நீர்க்கட்டியாக இல்லாமல் திடமாக இருப்பதற்கு 2, சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கறுத்துத் தெரிவதற்கு 2. விளிம்பு சீராக இருக்கிறது, உயரத்தைவிட அகலம் அதிகம், சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை. ஆகவே இந்த மூன்றுக்கும் பூஜ்ஜியம். மொத்தம் 4. நான்கு முதல் ஆறு வரை மதிப்பெண் பெறும் கட்டிகள் நான்காம் வகையில் சேரும்.

இந்த முறையை 2017இல் வெளியிட்ட அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி, மதிப்பெண்ணோடு அளவையும் சேர்த்தே முடிவெடுக்கச் சொல்கிறது. நான்காம் வகைக் கட்டி ஒன்றரை சென்டிமீட்டரை எட்டினால்தான் ஊசிப் பரிசோதனை. ஒரு சென்டிமீட்டரை எட்டினால் அவ்வப்போது ஸ்கேன். அதிகச் சந்தேகத்துக்குரிய ஐந்தாம் வகைக்கே ஒரு சென்டிமீட்டர் ஆகும்வரை ஊசி வேண்டாம் என்கிறது. உங்களுடையது 7 மில்லிமீட்டர்தான்.

“அது ஒருவேளை புற்றுநோயாக இருந்துவிட்டால்?” என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். இருக்க வாய்ப்பு உண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தைராய்டைப் பொறுத்தவரை, புற்றுநோய் இருப்பதும் அது ஒருவருக்குத் தீங்கு செய்வதும் வெவ்வேறு விஷயங்கள். பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பார்த்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், 36 பேருக்குச் சிறு புற்றுக்கட்டிகள் இருந்தன. அவர்கள் அதைச் சுமந்துகொண்டே வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட கட்டிகளை ஒரு நாடே தேடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. அங்கே 1999இல் அரசு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு கிடையாது. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், 30 முதல் 50 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்லின, மக்களும் சம்மதித்தார்கள். 2011இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. 1993இல் இருந்த விகிதத்தைப் போல இது 15 மடங்கு. முன்கூட்டியே கண்டுபிடிப்பது உயிரைக் காப்பாற்றியிருந்தால் இறப்பு குறைந்திருக்க வேண்டும்; நோயே பெருகியிருந்தால் இறப்பு கூடியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை, இறப்பு விகிதம் அப்படியே இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஐந்தாண்டு தாண்டி உயிரோடு இருந்ததைச் சிகிச்சையின் வெற்றியாகச் சிலர் காட்டினார்கள். எப்படியும் சாகாதவர்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனால் அந்த எண் உயரத்தான் செய்யும்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல. பெரும்பாலோருக்குத் தைராய்டை அகற்றினார்கள்; முழுச் சுரப்பியையும் இழந்தவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதத்தினருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்தன, 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் பாதிக்கப்பட்டது. 2014இல் அங்குள்ள மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி, தேவையற்ற இந்த ஸ்கேனை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு, தைராய்டு அறுவை சிகிச்சைகள் ஒரே ஆண்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. “எடுத்துவிடலாம்” என்பது வம்பைத் தவிர்க்கும் வழி அல்ல என்பதை உங்கள் கணவரிடம் இதை வைத்தே சொல்லலாம்.

ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டர் வரையுள்ள, ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்த கட்டிகளையே 1993 முதல் அறுவை செய்யாமல் கண்காணித்து வருகிறது. 2014இல் வெளியான அவர்களது அறிக்கையில், அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில் ஒருவரும் தைராய்டு புற்றுநோயால் இறக்கவில்லை. சிலருக்குக் கட்டி வளர்ந்தது. அவர்களுக்குப் பிறகு அறுவை செய்தார்கள், தாமதத்தால் பாதகம் நேரவில்லை.

எதிர்வாதமும் உண்டு. அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு கட்டுரை, முற்றிய நிலையிலுள்ள தைராய்டு புற்றுநோயும் ஓரளவு கூடியிருப்பதைக் காட்டியது. எல்லா உயர்வுக்கும் ஸ்கேன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் பொருள். நான் அதை ஏற்கிறேன். ஆனால் அறிகுறி எதுவும் இல்லாதவருக்குக் கழுத்து ஸ்கேன் எடுக்க அது காரணமாகாது. அதே 2017இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் அத்தகையவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள், குரல் கரகரத்து மாறியவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், கட்டி வேகமாக வளர்பவர்கள், ஸ்கேனில் கழுத்து நெறிக்கட்டிகள் சந்தேகமாகத் தெரிபவர்கள் ஆகியோருக்கு நான் இதுவரை சொன்னது பொருந்தாது. இவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தால் முதல் மருத்துவரிடமே திரும்பப் போங்கள். இல்லையென்றால், ஓராண்டு கழித்து, முடிந்தால் அதே இடத்தில், ஒருமுறை ஸ்கேன் எடுத்து அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். விதிப்படி அதுகூடத் தேவையில்லை. ஒருமுறை பார்த்துவிட்ட கட்டியைப் பார்க்காததுபோல் இருக்க யாராலும் முடியாது என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. நம் நாட்டின் தேசியத் திட்டம், 30 வயதைக் கடந்த பெண்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை செய்யச் சொல்கிறது. கழுத்து ஸ்கேன் அதில் இல்லை. உங்கள் அலுவலகப் பரிசோதனையில் கருப்பைவாய்ப் பரிசோதனை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நிமிடங்களில் முடிகிற அந்தப் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.