மாமோஸ்வைன் ஏன் அடிக்கவில்லை? – கடிதம்

வணக்கம் ஐயா,

மாலை நடையின்போது செல்போனில் போகிமான் கோ விளையாடுவதாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். நான், மனைவி, அக்கா மகன் மூவரும் போன ஞாயிறு பூங்கா வாசலில் ரேக்வேசா ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானை, அதாவது பாஸை, நேரத்துக்குள் வீழ்த்துவது) போனோம். நல்ல காற்று. நேரம் முடிந்தபோது பாஸுக்கு இன்னும் கால்வாசி உயிர் பாக்கி. என் அணியில் 40ஆம் லெவலுக்கு ஏற்றிய டிராகனைட், 4000 சிபி தாண்டிய ஸ்லாக்கிங் எல்லாம் இருந்தன. மருமகன் சொன்னான் என்று ஒரு மாமோஸ்வைனும் சேர்த்தேன் (அதன் மூவ்கள், அதாவது அடிகள்: மட் ஸ்லாப், அவலாஞ்ச்). அது அடித்தது பாஸுக்கு உறைக்கவே இல்லை. எதைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

இலக்கியக் கடிதங்கள் நான்கு காத்திருக்க, இதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். அவர்கள் மன்னிப்பார்கள்.

முதலில் அந்த ஸ்லாக்கிங்கை வெளியே எடுங்கள். சிபி என்பது தாக்குதல், தற்காப்பு, உயிர் மூன்றையும் கலந்து போட்ட ஒரு எண். எதிரில் யார் நிற்கிறார்கள், கையில் என்ன மூவ் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஸ்லாக்கிங்கின் வேக மூவ் கொட்டாவி. சேதம் பூஜ்யம். அதாவது 4000 சிபிக்கு ஒருவர் உங்கள் பக்கம் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து நட்சத்திர பாஸுக்கு உயிர் 15,000, உங்களுக்கு நேரம் 300 விநாடி. விநாடிக்கு 50 போக வேண்டும், மூன்று பேர் என்றால் தலைக்குக் கிட்டத்தட்ட பதினேழு. அதனால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு அடிக்கிறது என்பதுதான் கணக்கு. செத்தால் அடுத்த ஆள் வருவான். ஆறு பேரும் போனால் ரிவைவ் கொடுத்துத் திரும்ப நுழையலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

ரேக்வேசா டிராகன், ஃப்ளையிங் என்று இரண்டு டைப். பனி இரண்டுக்குமே ஆகாது. பலவீனத்தில் அடித்தால் 1.6 மடங்கு, இரட்டைப் பலவீனம் என்றால் 2.56. உங்கள் டிராகனைட் டிராகன் மூவால் அடித்தாலும் 1.6தான். அதோடு, ரேக்வேசாவின் அவுட்ரேஜ் (அதுவும் டிராகன் மூவ்) டிராகனைட் மேல் அதே 1.6 மடங்காகத் திரும்பி விழும்.

சரி, மாமோஸ்வைன். மருமகன் சொன்னது சரிதான், பாதி சொல்லாமல் விட்டுவிட்டான். மட் ஸ்லாப் மண் டைப். பறக்கிறவன் மேல் மண்ணை வாரி எறிந்தால் எங்கே படும்? 0.39 மடங்குதான் சேரும். வேக மூவ் பனி டைப்பான பவுடர் ஸ்னோவாக இருந்திருந்தால் அதே இடத்தில் 2.56. பெயரைப் பார்த்து ஆள் எடுத்தீர்கள், மூவைப் பார்க்கவில்லை. பயப்படாதீர்கள், மாமோஸ்வைனுக்கு வேக மூவ் இரண்டே இரண்டு. வேக மூவை மாற்றும் ஃபாஸ்ட் டிஎம் ஒன்று போட்டால் மற்றதுதான் வந்தாக வேண்டும்.

வீவைலும் பனிதானே என்று கேட்பீர்கள். போடலாம், வேகமாக அடிக்கும். ஆனால் ரேக்வேசாவிடம் சில சமயம் ஏன்ஷியன்ட் பவர் இருக்கும். அது பாறை டைப், பனிக்கு எதிரி. மாமோஸ்வைன் பாதி மண் என்பதால் பாறையைச் சமாளித்துவிடும், வீவைலால் முடியாது. ஒரே டைப்பில் இரண்டு பேர் இருக்கும்போது பாஸின் மூவைப் பார்த்து முடிவு செய்வது இப்படித்தான்.

லெவல் ஏற்ற டிராகனைட்டுக்குக் கொட்டிய ஸ்டார்டஸ்டை (விளையாட்டுக் காசு) நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. 30லிருந்து 40க்கு ஏற்ற 1,50,000 ஆகும். தாக்குதலில் கூடுவது சுமார் 8 சதவீதம். 20லிருந்து 30க்கு 75,000தான், கூடுவது 22 சதவீதம். அந்த ஒரு டிராகனைட்டின் கடைசிப் பத்து லெவல் காசில் இரண்டு மாமோஸ்வைன்களை 30க்குக் கொண்டுவந்திருக்கலாம். நூறு சதவீத ஐவி (ஒவ்வொரு போகிமானுக்கும் உள்ள பிறவி மதிப்பெண்) கிடைக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். தாக்குதல் ஐவி 10 உள்ள மாமோஸ்வைனுக்கும் 15 உள்ளதற்கும் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் கூடை கூடையாக ஸ்வைனப்புகளை (மாமோஸ்வைனாக வளரும் குட்டிகள்) வேண்டாமென்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம், அந்தக் காற்று. விளையாட்டில் வானிலை விண்டி என்று காட்டும்போது டிராகன், ஃப்ளையிங் மூவ்களுக்கு 1.2 மடங்கு கூடுதல். ரேக்வேசாவுக்கு இரண்டுமே சொந்த டைப். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊரில், அது ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிற ஒன்று. காற்று அடங்கிய வேளையாகப் பாருங்கள். பனிக்கு வலுச் சேர்க்கிற வானிலை ஸ்னோ. ஈரோட்டில் அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

மூவரில் ஒருவர் மெகா அபோமாஸ்னோ (மெகா வடிவம் எடுத்த பனிப் போகிமான்) இறக்கினால், அது களத்தில் நிற்கும்வரை மற்றவர்களின் பனி மூவ்களுக்கு 30 சதவீதம் கூடும். ஒருவர் போட்டால் போதும். மருமகனிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.