வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) செய்துகொள்ளும் முன்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மேலூர் பக்கம் விவசாயம் பார்க்கிறேன், வயது 36. இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்துவிட்டோம். “ஆபரேஷன் செய்தால் ஆண்மை போயிரும், மண்வெட்டி பிடிக்கத் தெம்பு இருக்காது” என்று அப்பா தடுக்கிறார். உண்மையா டாக்டர்?

உண்மையில்லை. விதைகளுக்கு இரண்டு வேலை. விந்தணுவை உண்டாக்குவது ஒன்று, டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரப்பது இன்னொன்று. ஆசை, விறைப்பு, தசை வலு எல்லாவற்றுக்கும் துணை நிற்பது இந்த ஹார்மோன்தான். அது நேராக ரத்தத்தில் கலந்துவிடும். நாங்கள் வெட்டுவது விந்தணு போகும் மெல்லிய குழாயை மட்டும்தான், ஹார்மோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விந்து முன்புபோலவே வெளியேறும். அதில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளில் ஊறுவது, விந்தணுவின் பங்கு மிகக் கொஞ்சம். ஆகவே அளவு குறைந்ததாக உங்களுக்கே தெரியாது. வெளியேற வழியில்லாத விந்தணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் வயதுக்காரர்கள் அவசரநிலைக் காலத்தை அறிந்தவர்கள். 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. பலரை, முக்கியமாக வட மாநிலங்களில், வற்புறுத்தித்தான் செய்தார்கள். அந்தப் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும்.

மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறேன். நாள் கூலி. எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

தலைச்சுமைக்கு ஒரு வாரம் விடுமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் என்னால் ஒரு நாளைக்கூடக் குறைத்துச் சொல்ல முடியாது.

இப்போது பெரும்பாலும் செய்வது கத்தியில்லாத முறை. 1974இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் லி ஷுன்சியாங் என்ற டாக்டர் உருவாக்கியது. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் கூரான இடுக்கியால் சிறு துளையிடுவோம். இரண்டு பக்கத்துக் குழாய்களையும் அதன் வழியே வெளியே எடுத்து, வெட்டி, முனைகளை அடைத்துத் திரும்ப உள்ளே விட்டுவிடுவோம். தையல் கிடையாது. 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. இறுக்கமான ஜட்டி, இல்லையென்றால் லங்கோடு கட்டிக்கொள்ளுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் வீக்கம் குறையும். உட்கார்ந்து பார்க்கும் வேலையை இரண்டு நாளுக்குப் பிறகு செய்யலாம். மூட்டை, சைக்கிள் இரண்டும் ஏழு நாள் கழித்து, அதுவும் வலி இல்லை என்றால் மட்டும். முன்னாலேயே பாரம் தூக்கினால் உள்ளே ரத்தம் கட்டி விதைப்பை வீங்கிவிடும். லேசான வலியும் நீலம் பாரித்தலும் சாதாரணம். வீக்கம் வளர்ந்துகொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அலங்காநல்லூர்க்காரன். வாடிவாசலில் மாடு பிடிப்பேன். மார்கழிக் கடைசியில் செய்துகொண்டு தை ஜல்லிக்கட்டில் இறங்கலாமா?

வேண்டாம் தம்பி. காளை இடிக்கிற இடம் எது என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை அரசு ஆண் கருத்தடை இருவாரம் நடத்துகிறது. அந்தக் கார்த்திகையிலேயே முடித்துக்கொண்டால் தைக்குள் நன்றாக ஆறிவிடும். இல்லையா, பொங்கல் கழித்துச் செய்யுங்கள். கார்த்திகையில் செய்தாலும் மாசி வரைக்கும் ஆணுறை கட்டாயம். காரணம் அடுத்த பதிலில்.

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாம் மாதமே நான் உண்டாகிவிட்டேன். மாமியார் வீட்டில் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். செத்துப்போகலாம்போல் இருக்கிறது டாக்டர்.

அம்மா, உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. இந்தப் பக்கத்தை உங்கள் கணவரையும் மாமியாரையும் படிக்கச் சொல்லுங்கள்.

வாய்க்காலை மடையில் அடைத்த பிறகும் மடைக்கு அந்தப்புறம் கிடக்கும் தண்ணீர் வயலுக்குப் பாயத்தான் செய்யும். அதேபோல, வெட்டிய இடத்தைத் தாண்டி ஏற்கனவே நிற்கும் விந்தணுக்கள் விந்தோடு சில வாரங்களுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கும். அவை தீர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு இல்லாமல் சேர்ந்தால் கரு தங்கலாம். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆபரேஷன் பலித்ததாக அர்த்தம். அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழும் அதன் பிறகே. இதை ஆபரேஷன் நாளன்று அவசரமாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், ஆண்களும் வலி நின்றதும் மறந்துவிடுகிறார்கள். பழி பெண் தலையில் விழுகிறது. எனக்கு இதைவிட ஆத்திரம் தருவது வேறில்லை.

பரிசோதனையில் சரி என்று வந்த பிறகும், அபூர்வமாக, ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒருவருக்கு, குழாய் தானாக ஒட்டிக்கொண்டு கரு தங்குவதுண்டு. உங்கள் கணவர் இப்போதே பரிசோதனை செய்துகொள்ளட்டும். கர்ப்பத்தைத் தொடர்வதா என்பதை நீங்கள் மகப்பேறு டாக்டரிடம் தாமதிக்காமல் பேசுங்கள். ஆபரேஷன் பலிக்காமல் போனால் அரசு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சீக்கிரம் விண்ணப்பியுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் மறுபடி வந்தால் தனியாக இருக்காதீர்கள். பிறந்த வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 104க்குக் கூப்பிட்டாலும் பேச ஆள் இருக்கிறார்கள்.

திருமங்கலம். அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். மனைவிக்கே செய்துவிடலாம் என்கிறார்கள். நான் செய்துகொள்ள நினைக்கிறேன்.

நல்ல நினைப்பு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒருவர் கணக்குத்தான். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்குத் தோலில் ஒரு துளை போதும். பிள்ளை பெற்ற உடம்பே இதையும் தாங்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சிசேரியன்தான் என்று முடிவாகி, மனைவியும் மனதார விரும்பினால், அப்போதே அவருக்குச் செய்வதும் சரியே. வயிறு எப்படியும் திறந்திருக்கும்.

நீங்கள் செய்துகொள்வதென்றால் அவசரம் வேண்டாம். பிள்ளை பிறந்து நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு தேதி குறியுங்கள். இது நிரந்தரம் என்று நினைத்தே முடிவெடுக்க வேண்டும். குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷன் உண்டு, ஆனால் செலவு அதிகம், ஆண்டுகள் ஏற ஏறப் பலன் குறையும், உத்தரவாதமும் இல்லை. சட்டப்படி மனைவியின் கையெழுத்து தேவையில்லை, இருந்தாலும் அவரோடு பேசாமல் போகாதீர்கள்.

சுகர் இருக்கிறது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். செய்யலாமா? புராஸ்டேட் புற்றுநோய் வருமாமே?

சுகர் கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். விரைவீக்கம், குடலிறக்கம், ஊசி ஒவ்வாமை இருந்தாலும் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கு இந்த ஆபரேஷன் காரணம் என்று நிரூபணமாகவில்லை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு விதையில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், அதைத் தெரிந்துகொண்டு போங்கள். பால்வினை நோய்களை இது தடுக்காது.

எங்கே செய்கிறார்கள், செலவு எவ்வளவு?

அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்டால் நாளும் இடமும் சொல்வார்கள். குளித்து, அந்த இடத்து முடியைக் கத்தரித்து, லேசாகச் சாப்பிட்டு, துணைக்கு ஓர் ஆளோடு போங்கள். திரும்பும்போது பைக் ஓட்ட வேண்டாம். ஆணுறையும் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று மாதப் பரிசோதனைத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.